பத்து வருடமாக ஒரே விஸ்கி. இனி எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதல்சொட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

பத்து வருடமாக நான் குடிப்பது ஒரே ஒரு விஸ்கிதான். ஜானி வாக்கர் பிளாக் லேபிள், சோடா, நிறைய ஐஸ். அதன் மணம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், "விஸ்கி மணம்" என்பதைத் தாண்டி என்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

போன மாதம் ஒரு நண்பர் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் லாஃப்ரோய்க் 10 ஊற்றிக் கொடுத்தார். சோடா இல்லை, ஐஸும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனதுமே ஆஸ்பத்திரி நினைவு வந்தது. டிங்ச்சர், பஞ்சு, மழையில் நனைந்த கரி. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். பிடிக்கவில்லை. அவர் வற்புறுத்தாமல் மிச்சத்தைத் தானே குடித்தார். கிளம்புவதற்கு முன் அந்தக் காலிக் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியைக் காணோம். அணைந்த அடுப்பும் தேனும் சேர்ந்தாற்போல ஒரு மணம் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அது மூக்கை விட்டுப் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை.

அதிலிருந்து மனம் இதையே சுற்றி வருகிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. சிங்கிள் மால்ட், பிளெண்டட், போர்பன், ரை, காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று லேபிளில் உள்ள வார்த்தைகளே தலையைச் சுற்ற வைக்கின்றன. வயது கூடினால் ருசியும் கூடுமா? தண்ணீர் சேர்க்கலாமா, கூடாதா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பீப்பாய்ப்பிரியன்

வாங்க நண்பரே. பிடிக்காத ஒன்று மறுநாள் வரை மூக்கில் நிற்கிறதென்றால், உங்கள் மூக்கு ஏற்கெனவே தேடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி, இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். ஒரு விஸ்கியை மட்டும் தனியாகக் குடித்தால் "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டை வைத்து மாறி மாறி முகர்ந்தால் "இது இனிக்கிறது, அது காய்ந்திருக்கிறது", "இது எண்ணெய் போல நாக்கில் நிற்கிறது, அது ஓடிவிடுகிறது" என்று வார்த்தைகள் தாமாக வரும். 15 மில்லி வீதம் இரண்டு கோப்பை போதும். அதற்கு மேல் போனால் மூக்கு சோர்ந்துவிடும், நாலாவது கோப்பையில் நீங்கள் எழுதும் குறிப்பை மறுநாள் நீங்களே நம்ப மாட்டீர்கள். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் இந்தப் பயிற்சியே வேண்டாம்.

அந்த இரண்டும் ஒரே ஒரு விஷயத்தில் வேறுபட்டால் கற்றுக்கொள்வது எளிது. என் சிபாரிசு, முதலில் பீப்பாய். ஏனென்றால் வடித்து இறக்கும்போது விஸ்கிக்கு நிறமே கிடையாது, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பிறகு அதில் சேரும் வெனிலா, தேங்காய், உலர் திராட்சை, கிராம்பு எல்லாவற்றிலும் ஓக் மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. (நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.)

ஸ்காட்லாந்தில் பெரும்பான்மை, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாய்தான். அதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். போர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் முதிர வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்றினால் அது போர்பன் ஆகாது. அப்படி வேலை முடிந்த பீப்பாய்கள் லட்சக்கணக்கில் கடல் கடந்து போகின்றன. 200 லிட்டர் பிடிக்கும் அமெரிக்க வெள்ளை ஓக். முதல் வேகத்தையெல்லாம் போர்பன் உறிஞ்சிவிட்ட பிறகு மிச்சமிருக்கும் மென்மையான வெனிலாவும் தேனும் ஸ்காட்ச்சுக்குக் கிடைக்கின்றன.

ஷெர்ரி பீப்பாய் கதை வேறு. முன்பு ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் பீப்பாயிலேயே பிரிட்டனுக்கு வரும், காலியானதை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வழி அடைபட்டது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஒன்றிரண்டு வருடம் ஊறவைத்து அனுப்புகிறார்கள். உலர் திராட்சை, அத்திப்பழம், வால்நட், சில நேரம் புதுத் தோலின் வாசனை.

முதல் ஜோடி இதுதான்: கிளென்மோரஞ்சி ஒரிஜினல் (போர்பன் பீப்பாய்), கிளென்ட்ரோனக் 12 (ஷெர்ரி பீப்பாய்). இரண்டும் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதி, இரண்டிலும் புகை கிடையாது. வடிகலன்கள் வேறுதான், கிளென்மோரஞ்சியின் கலன்கள் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். ஆனாலும் முதலில் உங்கள் மூக்கில் படுவது பீப்பாயாகத்தான் இருக்கும்.

---

கரிப்புகை

லாஃப்ரோய்க்கில் தொடங்கியது நீச்சல் தெரியாதவரை நடுக்கடலில் இறக்கிய மாதிரி. ஆனால் என் கதையும் அதுதான், அதனால் புகையைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்கள் மக்கிப் படிந்த தாவரம். அதை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது இந்தப் புகையை விட்டால், ஈரமான தானியத்தின் மேல் ஃபீனால் சேர்மங்கள் ஒட்டிக்கொள்ளும். டிங்ச்சர், கரி, தார், அணைந்த நெருப்பு எல்லாம் அங்கிருந்து வருவதுதான். அளவை பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) சொல்வார்கள். போமோர் சுமார் 25, லாகவூலின் 35, லாஃப்ரோய்க் 40-ஐ ஒட்டி, ஆர்ட்பெக் 55. ஆக்டோமோர் 100-ஐயே தாண்டும்.

இந்த எண்ணை மட்டும் வைத்து வாங்காதீர்கள். இது மால்ட்டில், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியில் எடுத்த அளவு, பாட்டிலில் எடுத்தது இல்லை. அரைக்கும்போதும் நொதிக்கும்போதும் வடிக்கும்போதும் பெரும்பகுதி கழிந்துவிடும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலேயே லாகவூலினுக்கும் கல் ஈலாவுக்கும் மால்ட் வருவது ஒரே இடத்திலிருந்துதான், போர்ட் எல்லன் மால்ட் ஆலை. புகை அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் கோப்பையில் கல் ஈலா எலுமிச்சையும் கடல்காற்றும் கலந்து மெலிந்து நிற்கும். லாகவூலின் 16 கனமாக, இனிப்பாக, மெதுவாக வரும். பீப்பாயும் வயதும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பது சரி, ஆனால் வித்தியாசம் வடிகலனிலேயே தொடங்கிவிடுகிறது. கனமான புகைச் சேர்மங்கள் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் இறங்கும். எந்த நேரத்தில் "போதும்" என்று குழாயைத் திருப்புகிறார்கள் என்பதைப் பொறுத்துப் புகையின் குணமே மாறும். எனக்கு விஸ்கி மேல் மரியாதை வந்தது இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான்.

உங்களுக்கு என் வரிசை: தாலிஸ்கர் 10 அல்லது போமோர் 12, பிறகு கல் ஈலா 12, பிறகு லாகவூலின் 16. அதற்கப்புறம் லாஃப்ரோய்க்குக்குத் திரும்பிப் போங்கள்.

---

மெல்லமெல்ல

கரிப்புகை நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. புகை ரொம்பச் சத்தமான ருசி. அதற்குப் பழகிய நாக்கு மற்றவற்றை "சப்பென்று இருக்கிறது" என்று தள்ளிவிடும். என் நண்பர்களில் இரண்டு பேர் அப்படியே புகைக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை. முதலில் அயர்லாந்துக்குப் போங்கள்.

அயர்லாந்தில் சிங்கிள் பாட் ஸ்டில் என்று ஒரு வகை இருக்கிறது. முளைவிட்ட பார்லியோடு முளைவிடாத பச்சைப் பார்லியையும் சேர்த்து, செம்புக் கலனில் வடிப்பார்கள். மால்ட்டுக்கு வரி போட்டார்கள், அந்த வரியைக் குறைக்க மால்ட் ஆக்காத பார்லியைக் கலந்தார்கள், அப்படிப் பிறந்த வகை இது என்று சொல்வார்கள். வரிக்குத் தப்பச் செய்ததிலிருந்து ஒரு தனி ருசி வந்துவிட்டது. வாயில் வெண்ணெய் போல ஒரு வழவழப்பு, அதன் மேல் மிளகும் இஞ்சியும் சேர்ந்த காரம், பச்சை ஆப்பிள். ரெட்பிரெஸ்ட் 12 குடித்துப் பாருங்கள். கிரீன் ஸ்பாட்டும் நல்லது.

இந்த வகை கிட்டத்தட்ட அழிந்துபோக இருந்தது. ஒரு காலத்தில் உலகச் சந்தையில் ஐரிஷ் விஸ்கிதான் முன்னணியில் இருந்தது. 1830-இல் ஈனியஸ் காஃபி தொடர்ந்து வடிக்கும் கோபுரக் கலனுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். டப்ளினின் பெரிய வடிசாலைகள் அதை ஏற்கவில்லை, "இது விஸ்கியே இல்லை" என்றன. ஸ்காட்லாந்துக்காரர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். பிறகு போர், அமெரிக்க மதுவிலக்கு என்று அடிமேல் அடி. 1970-களின் இறுதியில் தீவு முழுவதற்கும் மிட்லட்டன், புஷ்மில்ஸ் என்று இரண்டே வடிசாலைகள்தான் மிஞ்சின. இன்று பல டஜன் இயங்குகின்றன. ரெட்பிரெஸ்ட் கோப்பையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், இது பிழைத்ததே பெரிது என்று எனக்குத் தோன்றும்.

---

முதல்சொட்டு

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு கோப்பை யோசனை மனதில் பதிந்துவிட்டது. புகையையும் அயர்லாந்தையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பீப்பாய் ஜோடியைப் பார்க்கிறேன்.

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே? நல்ல விஸ்கியை ராவாகத்தான் குடிக்க வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள்.

---

செம்புப்பானை

வேதியியல் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

விஸ்கிகளைக் கலந்து, விற்பனைக்கு முன் தரம் பார்க்கும் பிளெண்டர்கள் நாள் முழுக்கக் குடிப்பதில்லை. முகர்வதுதான் அவர்கள் வேலை. அதற்குத் தண்ணீர் சேர்த்துச் சுமார் 20% அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்கள். அதிக ஆல்கஹால் மூக்கை எரிக்கும், எரியும்போது மற்ற மணங்கள் தெரியாது. வாயிலும் அப்படித்தான். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாங்கிதான் ஆல்கஹாலின் எரிச்சலையும் உணர்கிறது.

2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றை வைத்து இதைப் பார்த்தார்கள். புகை மணத்துக்கு முக்கியமான குவாயகோல் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எத்தனால் அதைச் சூழ்ந்து திரவத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. 45 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வந்தால் அது மேற்பரப்புக்கு ஏறி நிற்கிறது. மேற்பரப்பில் இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்? இது ஒரு மூலக்கூறின் கதைதான், விஸ்கியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. சில மணங்கள் தண்ணீர் விட்டதும் அமுங்கவும் செய்யும். அதனால்தான் ஒரேயடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விடச் சொல்கிறேன்.

செய்து பாருங்கள். 46% அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு விஸ்கியை ஊற்றி, முதலில் எதுவும் சேர்க்காமல் ஐந்து நிமிடம் விட்டு முகருங்கள். கோப்பையை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூச்சை இழுங்கள், எரிச்சல் பாதி குறையும். ஒயினைச் சுழற்றுவது போல வேகமாகச் சுழற்ற வேண்டாம், ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மேலே வரும். அப்புறம் மூன்று சொட்டுத் தண்ணீர். மறுபடி மூன்று. எங்கே மணம் விரிகிறது, எங்கே தளர்ந்துபோகிறது என்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

தண்ணீர் விட்டதும் கோப்பை கலங்கினால் பயப்படாதீர்கள். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி அது. கொழுப்பு அமில எஸ்டர்கள் தண்ணீரில் கரையாமல் பிரிந்து நிற்பதால் வரும் கலங்கல். நாக்கில் உணரும் கனத்துக்கு அவையும் ஒரு காரணம் என்பதால், பல வடிசாலைகள் 46%-இல் அடைத்து அந்த வடிகட்டலைத் தவிர்க்கின்றன.

ஐஸ் மணத்தை அடக்கும், கசப்பைக் காட்டும். வெயில் நாளில் சோடாவும் ஐஸும் நிறைந்த உயரமான கோப்பை அருமையானது, நானும் குடிக்கிறேன். ஆனால் அறிந்துகொள்ளும் நாளில் வேண்டாம்.

---

கரிப்புகை

40%-இல் அடைத்த விஸ்கிக்கு நான் ஒரு சொட்டுகூட விடுவதில்லை. தொழிற்சாலையிலேயே ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துத்தானே 40-க்கு இறக்கியிருக்கிறார்கள்? 58% உள்ள காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்தது என்றால் கட்டாயம் விடுவேன்.

---

செம்புப்பானை

சரிதான். 40%-இல் எனக்கும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

---

பீப்பாய்ப்பிரியன்

வயது பற்றியும் கேட்டிருந்தீர்கள். லேபிளில் 12 என்றிருந்தால், உள்ளே கலந்திருப்பதில் மிக இளையது 12 வருடம் பீப்பாயில் இருந்தது என்று பொருள். வயது நிற்பது பீப்பாயை விட்டு வெளியேறும் நாளில். பாட்டிலில் இருபது வருடம் வைத்தாலும் 12 பன்னிரண்டுதான். (பாட்டிலை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும்.)

ஆண்டு கூடினால் மரத்தின் ருசி கூடும். அது ஒரு கட்டம் வரை வரம், அப்புறம் பாரம். நான் ஆசை ஆசையாகக் காத்திருந்து குடித்த ஒரு 25 வருட விஸ்கியில் பழைய மேசையை நக்கியது போன்ற துவர்ப்பைத் தவிர எதுவுமே இல்லை. எத்தனையாவது முறை நிரப்பிய பீப்பாய் என்பது ஆண்டு எண்ணிக்கைக்குச் சமமான கேள்வி. நாலாவது முறை நிரப்பிய சோர்ந்த பீப்பாயில் 20 வருடம் கிடந்ததைவிட, முதல்முறை நிரப்பிய நல்ல பீப்பாயில் 9 வருடம் இருந்தது நிறைவாக இருக்கலாம்.

தட்பவெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். அம்ருத் வடிசாலை இருக்கும் பெங்களூரில் அது 10 சதவீதத்துக்கும் மேல். அங்கே 20 வருடம் வைத்தால் பீப்பாயில் மிச்சம் மீதி இருக்குமா என்பதே சந்தேகம். அதனால் நாலைந்து வருடத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அந்த அம்ருத் 2004-இல் முதலில் விற்பனைக்கு இறங்கியது கிளாஸ்கோவில், ஸ்காட்ச்சின் சொந்த வாசலில்! 2015-இல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட்டாக (ஒரே வடிசாலையில், மால்ட் பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) தேர்வானது தைவானின் கவலான் சோலிஸ்ட் வின்யோ பாரிக். அதன் லேபிளில் வயதே கிடையாது. அம்ருத் ஃபியூஷன் கிடைத்தால் விடாதீர்கள். புகையும் பழமும் ஒன்றை ஒன்று அடிக்காமல் நிற்பது அதில்தான்.

---

மோப்பக்காரி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என் நிலை கொஞ்சம் வேறு. உடல்நலக் காரணத்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்லி மூன்று வருடமாகக் குடிப்பதில்லை. ஆனால் விஸ்கியை விடவில்லை. வாரம் ஒருமுறை வீட்டுக்காரர் ஊற்றும் கோப்பையை முதலில் நான்தான் முகர்வேன். குடிக்காமல் இருந்த இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டது, குடித்த பதினைந்து வருடத்தில் கற்றதைவிட அதிகம் என்று மனதார நம்புகிறேன். (குடியை விடப் போராடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு மணமே ஆபத்தாக இருக்கலாம்.)

முதல்சொட்டு அவர்களே, நீங்கள் செய்த மிக நல்ல காரியம் காலிக் கோப்பையை முகர்ந்ததுதான். ஆல்கஹால் முதலில் பறந்துவிடும், கனமானவை கண்ணாடியில் தங்கும். இரவு கழுவாமல் வைத்துக் காலையில் முகருங்கள். ஷெர்ரி பீப்பாய் என்றால் உலர் பழமும் மரப்பெட்டியும், போர்பன் பீப்பாய் என்றால் வெனிலாவும் தேனும், பீட் என்றால் சாம்பல். ஒரு விஸ்கி எந்தப் பீப்பாயில் இருந்தது என்பதைக் காலைக் கோப்பை இரவுக் கோப்பையைவிடத் தெளிவாகச் சொல்லும்.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். அதில் லேபிளின் பின்னால் அச்சிட்ட வார்த்தைகளைத் தயவுசெய்து எழுதாதீர்கள். "டாஃபி, ஆரஞ்சுத் தோல்" என்று படித்துவிட்டால் மூக்கு அதைத்தான் தேடும். உங்களுக்கு ஆஸ்பத்திரி தோன்றியதா, ஆஸ்பத்திரி என்றே எழுதுங்கள். என் புத்தகத்தில் ஒரு கிளைனலிஷுக்கு நேரே "ஊதி அணைத்த மெழுகுவர்த்தி" என்று இருக்கும். அந்த வடிசாலையின் விஸ்கியில் மெழுகுத்தன்மை தனி அடையாளம் என்று பல மாதம் கழித்துத்தான் படித்தேன். அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

மூன்றாவது, விஸ்கி இல்லாத நேரத்தில் மூக்கைப் பழக்குங்கள். கிராம்பு, பட்டை, உலர் திராட்சை, நன்கு பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் தோல், ஈர மண், புதுச் செருப்பு. கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லிப் பாருங்கள். வாழைப்பழமும் ஆப்பிளும் கற்பனை இல்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள்தான் அந்தப் பழங்களிலும் இருக்கின்றன.

---

மெல்லமெல்ல

மோப்பக்காரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். இன்று இரவு கோப்பையைக் கழுவப் போவதில்லை.

---

முதல்சொட்டு

ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

கிளென்மோரஞ்சியும் கிளென்ட்ரோனக்கும் பக்கத்தில் பக்கத்தில். முதல் இரண்டு தடவை எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மனம் சோர்ந்துபோனது. மூன்றாவது தடவை ஐந்து நிமிடம் காத்திருந்து, வாயைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றில் ஆரஞ்சுத் தோலும் பூவும். இன்னொன்றில் உலர் திராட்சை டப்பாவைத் திறந்த அதே மணம். அதற்குப் பிறகு எத்தனை முறை முகர்ந்தாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியவே இல்லை.

ரெட்பிரெஸ்ட் 12-இல் அந்த வழவழப்பு என்ன என்று முதல் வாயிலேயே புரிந்தது. மெல்லமெல்ல அவர்களுக்குத் தனியாக நன்றி. தாலிஸ்கர் 10-இல் புகைக்குப் பின்னால் மிளகு வருகிறது, விழுங்கிய பிறகு. கல் ஈலாவில் எனக்கு எலுமிச்சை தெரியவில்லை, உப்பு தெரிந்தது. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் போர்பனையும் ஜப்பானையும் தொடவில்லை. யாராவது?

---

சோளக்கதிர்

போர்பனுக்கு நான் வருகிறேன்.

குறைந்தது 51% மக்காச்சோளம், கருக்கிய புதிய ஓக் கலன், அமெரிக்காவில் தயாரிப்பு. அமெரிக்காவுக்கே உரிய தயாரிப்பு என்று 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமே போட்டிருக்கிறது. மீதியில் கொஞ்சம் மால்ட், அப்புறம் ரை என்ற தானியமோ கோதுமையோ. ரை என்றால் காரம், கோதுமை என்றால் மென்மை. உங்கள் அடுத்த ஜோடி இதுதான்: மேக்கர்ஸ் மார்க் (கோதுமை), ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் (ரை அதிகம்). ஃபோர் ரோசஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட், ஆக மொத்தம் பத்துச் செய்முறைகள் அங்கே. ஈஸ்டை மட்டும் மாற்றினாலே பழமும் பூவும் மசாலாவும் எப்படி மாறுகின்றன என்பதை வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகப் பார்க்க முடியாது.

காரம் பிடித்திருந்தால் 51 சதவீதத்துக்குக் குறையாமல் ரை தானியம் சேர்ந்த ரை விஸ்கிக்குப் போங்கள். லேபிளில் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். 1897 சட்டம் அது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நாலு வருடம், சரியாக 50%. கலப்படம் மலிந்திருந்த காலத்தில் குடிப்பவருக்குக் கொடுத்த வாக்கு.

---

பீப்பாய்ப்பிரியன்

ஜப்பானைப் பற்றிச் சொன்னால் மசடாகா டாகெட்சுருவிடம்தான் தொடங்க வேண்டும். 1918-இல் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனவர். கேம்பல்டவுனில் ஹேசல்பர்ன் வடிசாலையில் வேலை கற்றுக் குறிப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஷின்ஜிரோ டோரி என்ற வியாபாரி 1923-இல் யமசாகி வடிசாலையைத் தொடங்கியபோது அதை எழுப்பியவர் இவர். 1934-இல் குளிரான ஹொக்கைடோவில் தனக்கென்று யோய்ச்சியைத் தொடங்கினார். அங்கே இன்றும் கலனுக்கு அடியில் நிலக்கரி போட்டு எரிக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் போட்டிக் கம்பெனிகள் பிளெண்டுக்காகத் தங்களுக்குள் விஸ்கி மாற்றிக்கொள்வார்கள். ஜப்பானில் அந்த வழக்கம் இல்லாததால் ஒரே வடிசாலை பல வடிவக் கலன்கள் வைத்துப் பல வகை விஸ்கி செய்யக் கற்றுக்கொண்டது. டாகெட்சுரு தொடங்கிய கம்பெனியின் நிக்கா காஃபி கிரெய்ன் தேடிப் பாருங்கள். மெல்லமெல்ல சொன்ன அதே காஃபி கலன், மக்காச்சோளம், மிருதுவான இனிப்பு.

ஹேசல்பர்ன் 1925-இல் மூடப்பட்டது. பக்கத்து ஸ்பிரிங்பேங்க் வடிசாலை அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரே கூரையின் கீழ் மூன்று விஸ்கி: பீட் இல்லாமல் மூன்று முறை வடித்த ஹேசல்பர்ன், மிதமான பீட்டோடு இரண்டரை முறை வடித்த ஸ்பிரிங்பேங்க், நிறைந்த பீட்டோடு இரண்டு முறை வடித்த லாங்ரோ. மூன்றையும் ஒரே மாலையில் முகரும் வாய்ப்பு கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் அமையவில்லை.

---

செம்புப்பானை

ஒரு வேண்டுகோள். இத்தனைக்கும் பிறகு பிளெண்டை மட்டமாக நினைத்துவிடாதீர்கள் முதல்சொட்டு. இலேசான கிரெய்ன் விஸ்கியை (மக்காச்சோளம், கோதுமை போன்ற தானியத்தைக் காஃபி கலனில் வடித்தது) அடித்தளமாக வைத்து, அதன் மேல் பல மால்ட்களை அளந்து, ஆண்டுக்கு ஆண்டு ஒரே ருசி வரும்படி செய்வது சாதாரண வேலை இல்லை. இது விஸ்கிதானா என்று பிரிட்டனில் அரசு விசாரணைக் குழுவே உட்கார்ந்து, 1909-இல் "ஆம்" என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பிளாக் லேபிளை மறுபடி எடுங்கள். சோடா வேண்டாம், சின்னக் கோப்பை, ஐந்து நிமிடம். பக்கத்தில் கல் ஈலாவை வையுங்கள். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

---

முதல்சொட்டு

நேற்று இரவு செய்தேன்.

முதலில் பிளாக் லேபிள். உலர் திராட்சை கொஞ்சம், வெனிலா கொஞ்சம். இவற்றுக்கு இப்போது எனக்குப் பெயர் தெரிகிறது. அப்புறம் கல் ஈலாவை முகர்ந்துவிட்டு மறுபடி பிளாக் லேபிளுக்கு வந்தேன். அடியில் புகை இருக்கிறது. மெல்லியதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அதே புகை. அந்தப் பிளெண்டில் கல் ஈலா ஒரு முக்கியமான மால்ட் என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

பத்து வருடமாக அது என் கோப்பையில் இருந்திருக்கிறது. சோடாவுக்கும் ஐஸுக்கும் அடியில்.

கோப்பைகளைக் கழுவாமல் வைத்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் முகர்ந்தேன். கல் ஈலாவில் சாம்பல். பிளாக் லேபிளில் தேனும், அதற்குள் ஒரு துளி சாம்பலும்.

இன்று மாலை அந்த நண்பர் வீட்டுக்குப் போகிறேன். லாஃப்ரோய்க் இன்னும் பாட்டிலில் இருக்கிறதாம்.

---

மோப்பக்காரி

காலைக் கோப்பையில் என்ன இருந்தது என்று நாளை எழுதுங்கள்.